எக்காளத்தின் வாய்ப்பூட்டு

கோயில் திருவிழாவில் நாகசுரம் ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுவாமி மேல வீதியில் வரும்போதே கீழ வீதியில் கோலமிடுகிறவர்களுக்கு அது தெரிந்துவிடும். நெடுந்தொலைவு கேட்பதே அக்கருவிக்குப் பெருமை. மேலை நாட்டு டிரம்பெட்டும் அத்தகையதே. நம் எக்காளத்தோடு உறவு கொண்டாடத்தக்க பித்தளைக் கருவி அது. போர்க்களத்தில் ஆணையை அறிவிக்கவும், நகர வாயிலில் அரசன் வரவைக் கூறவும் பயன்பட்டு, பின்னரே அது இசையரங்கிற்குள் நுழைந்தது. ஊரெல்லாம் கேட்கவேண்டும் என்றே செய்யப்பட்ட இக்கருவியின் வாயில் ஓர் அடைப்பைச் செருகி வாசிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 500 ஆண்டுகளாக இருந்து வருகிறது. உரக்கப் பேசுவதற்கென்றே பிறந்தவனின் வாயை எதற்காகப் பொத்தவேண்டும்? இவ்வினாவிற்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை அரண்மனைக்கும் இடுகாட்டிற்கும் நாடக மேடைக்கும் நடன மண்டபத்திற்கும் அழைத்துச் செல்லும்.

அந்த அடைப்பிற்கு ஆங்கிலத்தில் மியூட் என்று பெயர். ஊமை என்பது அச்சொல்லின் பொருள். இசையாசிரியர்கள் தம் சுரத்தாளில் எழுதுவதோ பெரும்பாலும் 'கொன் சோர்டினோ' என்னும் இத்தாலியத் தொடரை. 'அடைப்புடன்' என்று அதனைத் தமிழாக்கலாம். சோர்டினோ என்பது செவிடு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, ஒரு மொழி அதனை ஊமை என்கிறது; மற்றொரு மொழி செவிடு என்கிறது. இரண்டு பெயர்களும் ஓசையைக் குறைப்பதே அதன் தொழில் என்று நம்மை எண்ணச் செய்கின்றன. நானும் இளமையில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் ஒருமுறை பலர் முன்னிலையில் தலைகுனிய நேர்ந்தது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பௌதிகம் படிப்பதற்காக நான் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலம் அது. பள்ளிப் பருவத்தில் பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் பழகியிருந்தேன். நான் குடியிருந்த சிற்றூரில் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் தபால்காரர் ஒருவரும் சேர்ந்து நடத்திய பல்லியம் ஒன்று இருந்தது. ஆர்க்கெஸ்ட்ரா என்று வழங்கும் பெருங்குழுவையே பல்லியம் என்கிறேன். அதில் மூன்றாவது டிரம்பெட் வாசித்தவர் ஊரை விட்டுச் சென்றதனால் அவ்விடம் எனக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அவர்கள் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு இசையாசிரியர் கிளாட் டெபுஸி 1899ஆம் ஆண்டில் முடித்த 'நாக்டர்ன்' தொகுதியில் உள்ள 'விழாக்கள்' என்னும் பகுதி. கொண்டாட்டத்தின் நடுவே ஆரவாரம் திடீரென அடங்கிவிடும். பேரிகையும், யாழை ஒத்த ஹார்ப்பும், தந்திக் கருவிகளும் மெல்ல நடை போடும். அந்நடையின் மேல் மூன்று டிரம்பெட்டுகள் அடைப்புடன் தொடங்கும். எங்கோ தொலைவில் ஓர் ஊர்வலம் புறப்பட்டு நம்மை நோக்கி வருகிறது என்பது அதன் கருத்து.

என் பெட்டியில் மூன்று வகை மியூட்டுகள் இருந்தன. தாளில் இருந்ததோ ஒரே சொல். எதனைச் செருகுவது? நான் படித்துக்கொண்டிருந்த பௌதிகத்தைத் துணைக்கு அழைத்தேன். தொலைவிலிருந்து வரும் ஓசையில் உயர்ந்த அதிர்வுகளைக் காற்று மிகுதியாக உறிஞ்சிவிடும். ஆகவே தொலைவின் ஓசை மங்கலாக இருக்கவேண்டும். மங்கிய ஓசை தருவது கிண்ண மியூட். எனவே அதுவே தக்கது என்று முடிவு கட்டி, ஒத்திகையில் அதனையே செருகினேன். மூன்று குரல்களில் என் குரல் மட்டும் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. குழுவை இயக்கிய பெரியவர் கோலைத் தாழ்த்தினார். என் விளக்கத்தைப் பொறுமையுடன் கேட்டார். பின்னர், "உங்கள் பௌதிகம் சரிதான், உங்கள் வரலாறுதான் தவறு," என்றார். குழுவினர் சிரித்தனர். எனக்கு நாணமாக இருந்தது. அதைவிட, அவர் கூறியது எனக்கு விளங்கவில்லை என்பதே பெரிய துன்பமாக இருந்தது. ஒரு சிறு அடைப்பிற்கு வரலாறு எதற்கு? அதனைத் தேடிக் கற்றதன் பயனே இப்பேச்சு.

முதலில் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகருக்குச் செல்வோம். 1511ஆம் ஆண்டளவில், அங்கு நடைபெற்ற களியாட்ட விழாவில், பியரோ டி கோசிமோ என்னும் ஓவியர் ஒரு விந்தையான தேரை அமைத்தார். அது மரணத்தின் தேர். எருமைகள் அதனை இழுத்து வந்தன. தேர் முழுதும் கருமை. அதன்மேல் எலும்புகளும் வெண்சிலுவைகளும் தீட்டப்பட்டிருந்தன. உச்சியில் கையில் அரிவாளுடன் மரணம் நின்றது. தேர் நின்ற இடங்களிலெல்லாம் அதிலிருந்த கல்லறைகள் திறந்தன. எலும்புக்கூடுகளைப்போல் வேடமிட்டோர் எழுந்து பாடினர். ஓவியர் வரலாறுகளைத் தொகுத்த வசாரி இக்காட்சியை எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் எழுந்தது கம்மிய, உயிரற்ற ஓசையுடைய அடைப்பு டிரம்பெட்டுகளின் ஒலிக்கு என்றும் அவர் குறித்திருக்கிறார். அரசனின் வரவைக் கூறிய அதே கருவி, அடைப்புப் பூண்டவுடன் காலனின் வரவைக் கூறியது.

அக்காலத்து அடைப்பு எத்தகையது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். நாகசுரத்தின் அணசைப் போலவே டிரம்பெட்டின் முனையும் விரிந்திருக்கும். கடைசல் பிடித்த மரத்துண்டு ஒன்றை அவ்விரிவாயினுள் இறுகச் செருகுவார்கள். மரத்தின் நடுவே ஒரு சிறு துளை இருக்கும். ஊதிய ஓசை அத்துளை வழியே மட்டும் வெளிவரும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இதன் படத்தைக் காணலாம். இந்த மர அடைப்பிற்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது ஓசையை மாற்றியதோடு நில்லாமல், கருவியின் சுருதியையும் ஒரு முழுச் சுரம் உயர்த்திவிடும். சட்சமாக ஊதியது சதுசுருதி ரிஷபமாகக் கேட்கும்.

இக்குணத்தை அறியாதவர்க்கு மான்டெவெர்டியின் 'ஓர்பெயோ' விளங்காது. 1607ஆம் ஆண்டில் மான்டுவா அரண்மனையில் அரங்கேறிய இசை நாடகம் அது. திரை விலகுமுன் டிரம்பெட்டுகள் ஒலிக்கும் முன்னிசை ஒன்று அதில் உண்டு. 1609ஆம் ஆண்டில் அச்சான சுவடியில், அம்முன்னிசைக்கு ஒரு குறிப்பு உளது. டிரம்பெட்டுகளை அடைப்புடன் வாசிக்க விரும்பினால், இதனை ஒரு சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும் என்பது அக்குறிப்பு. இன்றைய மியூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதனைப் படிப்பவர், இது என்ன வீண் வேலை என்று வியப்பார். ஏனெனில் இன்றைய மியூட் சுருதியை அவ்வாறு மாற்றுவதில்லை. பழைய மர அடைப்பை நினைவில் கொண்டால் பொருள் தெளிவாகும். டிரம்பெட்டுகள் தாமாகவே ஒரு சுரம் உயர்ந்துவிடும். ஆகவே உடன் வாசிக்கும் பிற கருவிகளும் அவற்றோடு உயர்ந்தாக வேண்டும். கருவியின் வரலாறு தெரிந்தாலன்றி அந்த ஒரு வரியின் பொருள் தெரியாது. எனக்கு இது முதற்பாடமாக அமைந்தது.

ஜெர்மானியரான யோஹான் எர்ன்ஸ்ட் ஆல்டென்புர்க் என்பவர் டிரம்பெட் வாசிப்போர் மரபில் வந்தவர். அவர் 1795ஆம் ஆண்டில் டிரம்பெட், பேரிகைக் கலைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடைப்பை எப்பொழுதெல்லாம் பயன்படுத்துவர் என்பதை அதில் முறையாக வகுத்துரைத்தார். ஒரு படை, பகைவர் அறியாவண்ணம் பாசறையை விட்டுப் புறப்படும்போது பயன்படுத்துவர். சவ ஊர்வலத்திலும் அடக்கத்திலும் பயன்படுத்துவர். நாள்தோறும் பழகி உதடுகளுக்கு உறுதி தேடவும் பயன்படுத்துவர். அடைப்புடன் ஊதுவதற்கு முயற்சி மிகுதியாக வேண்டும் அல்லவா? இப்பட்டியலில் முதல் இரண்டும் நம் கவனத்திற்குரியவை. மறைவு ஒன்று, மரணம் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் வரையில் அடைப்புப் பூண்ட டிரம்பெட்டைக் கேட்ட ஐரோப்பியனின் உள்ளத்தில் எழுந்தவை இவ்விரண்டு எண்ணங்களே எனலாம்.

இதற்கிடையில் பித்தளைக் குடும்பத்தின் மற்றோர் உறுப்பினரான ஹார்ன் வேறொரு வழியில் சென்றது. வேட்டைக் கொம்பிலிருந்து வளர்ந்த கருவி அது. வட்டமாக வளைந்து, அகன்ற வாயுடன் இருக்கும். வாசிப்பவரின் வலக்கை அவ்வாயினுள்ளேயே இருக்கும். கையைச் சற்றுத் திறந்தும் மூடியும் சுரங்களை மாற்றும் முறை, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிரெஸ்டன் நகரத்து ஹாம்பெல் என்பவரால் வகுக்கப்பட்டது என்று கூறுவர். ஆகவே ஹார்னுக்கு இரண்டு வகை அடைப்புகள் ஏற்பட்டன. ஒன்று கை, மற்றொன்று மியூட். கையால் முற்றும் அடைத்து ஊதினால் ஓசை கூர்மையான உலோகத்தன்மை பெறும். சுருதியும் மாறுபடுவதனால் வாசிப்பவர் அதற்கேற்ப அரைச் சுரம் தாழ்த்தி விரலிட வேண்டும். இசையாசிரியர் சுரத்தின் தலையில் கூட்டல் குறி இட்டிருந்தால் கையடைப்பு என்பது பொருள். கையடைப்புக்கும் மியூட்டிற்கும் வேறுபாடு அறியாதவன் ஹார்ன் வாசிக்க இயலாது.

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் வியன்னாவில் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி அரங்கேறியது. நாட்டுப்புற வாழ்வைப் பாடும் இசை அது. புயல் ஓய்ந்து, இடையர்களின் நன்றிப் பாடல் முடியும் தறுவாயில், ஒரு ஹார்ன் அடைப்புடன் அப்பாடலின் தொடக்கத்தை மிக மெல்ல ஒருமுறை நினைவூட்டும். மாலை மங்கும் வேளையில் மலைச்சரிவில் இடையன் ஒருவன் கொம்பூதிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். இங்கே மரணமும் இல்லை, ஒளிந்து செல்லும் படையும் இல்லை. அடைப்பின் ஓசைக்குத் தொலைவு என்னும் புதுப்பொருள் கிடைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பித்தளைக் கருவிகளுக்கு வால்வுகள் வந்தன. விரலால் அழுத்தினால் குழாயின் நீளம் மாறும். எல்லாச் சுரங்களும் கைக்குள் அடங்கும். அடைப்பும் மாறியது. சுருதியை ஒரு முழுச் சுரம் உயர்த்தும் மரத்துண்டு வழக்கொழிந்தது. அதன் இடத்தில் கூம்பு வடிவமான புது அடைப்பு வந்தது. கூம்பின் அகன்ற முனை மூடியிருக்கும். குறுகிய முனையின் அருகே மூன்று தக்கைப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். அப்பட்டைகளே அதனைக் கருவியின் வாயில் தாங்கிப் பிடிக்கும். பட்டைகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாக ஓசை வெளிவரும். நேர் மியூட் என்று இதனை வழங்குவர். தாழ்ந்த அதிர்வுகள் அவ்விடுக்கின் வழியே எளிதில் வரமாட்டா. உயர்ந்த அதிர்வுகள் நன்கு வரும். இதனால் ஓசை மெலிந்தாலும் கூர்மை மிகும். ஓங்கி ஊதினால் தேள் கொட்டுவதுபோல் சுரீர் என்று பாயும். ஊமை என்னும் பெயர் இதற்குச் சற்றும் பொருந்தாது.

இக்கூர்மையைக் கண்டுகொண்ட இசையாசிரியர்கள் அதனைக்கொண்டு சித்திரம் தீட்டத் தொடங்கினர். 1869ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் அரங்கேறிய வாக்னரின் 'ரைன் தங்கம்' என்னும் இசை நாடகத்தில் ஒரு மாயக் கவசம் வரும். அதனைத் தலையில் அணிந்தவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். வேண்டிய உருவமும் கொள்வான். அம்மாயத்தைக் கூறுவதற்கு வாக்னர் தேர்ந்தது மியூட் அணிந்த ஹார்ன்களை. பகைவர் கண்ணில் படாமல் படை நகர்த்தப் பயன்பட்ட மறைவின் ஓசை, மந்திர மறைவின் ஓசையாக மீண்டும் பிறந்தது.

1898ஆம் ஆண்டில் கொலோன் நகரில் ரிச்சர்ட் ஸ்டிராஸ் இயற்றிய 'டான் குவிக்ஸோட்' அரங்கேறியது. செர்வாண்டிஸின் நாவலில் வரும் அந்தப் பித்தேறிய வீரன், ஓர் ஆட்டு மந்தையைப் பெரும்படை என்று கருதிப் போர் தொடுப்பான். ஆடுகள் கத்துவதை ஸ்டிராஸ் எப்படிக் காட்டினார் தெரியுமா? பித்தளைக் கருவிகளுக்கு மியூட் அணிவித்து, நாவை உருட்டி ஊதச் செய்தார். பல குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து, மந்தை அப்படியே நம் முன் வந்து நிற்கும். வரலாறு அறிந்தவர்க்கு இதில் மேலும் ஒரு சுவை உண்டு. முன்பு உண்மையான படையை ஒளித்து வைக்க உதவிய அடைப்பு, இப்பொழுது பித்தன் ஒருவனுக்கு ஆடுகளைப் படையாகக் காட்ட உதவுகிறது! கேட்டவர்களில் சிலர் இது இசையா என்று முகஞ்சுளித்தனர். ஆயினும் அடைப்பால் நகைப்பும் விளைவிக்கலாம் என்பது அன்று நிலைபெற்றது.

ஓராண்டு கழித்து டெபுஸி எழுதிய ஊர்வலத்தை முன்னரே கூறினேன். 1922ஆம் ஆண்டில் ராவெல் மற்றொரு சித்திரத்தைத் தந்தார். ரஷ்ய இசையாசிரியர் முஸோர்க்ஸ்கி 1874ஆம் ஆண்டில் பியானோவிற்காக எழுதிய 'கண்காட்சிச் சித்திரங்கள்' என்னும் தொகுதியை அவர் பல்லியத்திற்கு மாற்றியமைத்தார். அதில் செல்வர் ஒருவரும் வறியவர் ஒருவரும் உரையாடும் பகுதி உண்டு. செல்வரின் குரலைத் தந்திக் கருவிகள் கனத்துப் பேசும். வறியவரின் குரல் மியூட் அணிந்த ஒற்றை டிரம்பெட். அது நடுங்கும், மன்றாடும், ஒரே சுரத்தில் மூச்சு விடாமல் படபடக்கும். சில நிமிடங்களில் ஒரு மனிதனின் வாழ்நாள் அச்சம் முழுவதும் அதில் கேட்டுவிடும். வாசிப்பவருக்கோ அதனினும் பெரிய அச்சம். பல்லியத்தின் டிரம்பெட் பகுதிகளில் கடினமானவற்றுள் அஃது ஒன்று.

ஆடு, ஊர்வலம், மன்றாடும் மனிதன் ஆகிய மூன்றிற்கும் பயன்பட்டது ஒரே நேர் மியூட் என்பதைக் கருதிப்பாருங்கள். அக்காலத்துப் பல்லிய இசையாசிரியர் அடைப்பு என்று எழுதினால் அவர் மனத்தில் இருந்தது இதுவே. ஆகவே எது என்று விளக்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அத்தேவையை உண்டாக்கியது அமெரிக்கா.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின இசைவாணர்கள் ஜாஸ் என்னும் புதிய இசையை வளர்த்தனர். அவர்கள் கருவியின் வாயில் எதையும் பிடித்துப் பார்த்தனர். கிங் ஆலிவர் என்று புகழ்பெற்ற ஜோ ஆலிவர், குவளையையும் கிண்ணத்தையும்கூடத் தம் கார்னெட்டிற்கு அடைப்பாக்கினார். 1923ஆம் ஆண்டில் அவர் குழு பதிவுசெய்த இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. டியூக் எலிங்டன் குழுவில் இருந்த பப்பர் மைலி, சாக்கடைக் குழாயின் அடைப்பை நீக்கப் பயன்படும் பிளஞ்சர் என்னும் ரப்பர்க் கிண்ணத்தை இடக்கையில் பிடித்து, திறந்தும் மூடியும் டிரம்பெட்டை மனிதக் குரலில் பேசவைத்தார். சில காசுக்குக் கிடைக்கும் வீட்டுப்பொருள் ஒன்று, உயர்ந்த கலைக்குக் கருவியாயிற்று. நிறவெறியால் அவமதிக்கப்பட்ட மக்களின் துயரையும் எள்ளலையும் சொல்வதற்கு அது அவர்களுக்கு உதவியது.

இச்சோதனைகளிலிருந்து புது மியூட்டுகள் பிறந்தன. கூம்பின் முனையில் ஒரு கிண்ணத்தைப் பொருத்தினால் கிண்ண மியூட். அது உயர்ந்த அதிர்வுகளைத் தணித்து ஓசையை மென்மையாக்கும். சிகாகோவில் நடன மண்டபம் நடத்திய ஹார்மன் என்பவரின் பெயரைத் தாங்கி 1920களில் ஹார்மன் மியூட் வந்தது. அது குமிழ் வடிவான உலோகக் கூடு. அதன் தக்கை, இடுக்கே இல்லாமல் சுற்றிலும் அடைத்துக்கொள்ளும். ஓசை முழுதும் அக்கூட்டினுள் சென்று நடுவிலுள்ள சிறு குழாயின் வழியே வெளிவரும். கையை அதன்மேல் அசைத்தால் குழந்தை அழுவதுபோல் 'வா வா' என்னும் ஒலி கேட்கும். குழாயை நீக்கிவிட்டால் மெல்லிய, தனிமை தோய்ந்த குரல் எழும். 1950களில் மைல்ஸ் டேவிஸ் உலகெங்கும் பரப்பிய குரல் அது. பஞ்சு போன்ற பொருளை அடைத்து, கருவியின் விளிம்பில் கௌவ வைக்கும் வாளி மியூட்டும் உண்டு. அதன் ஓசை ஹார்னை நினைவூட்டும்.

1924ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நியூயார்க்கின் ஏயோலியன் மண்டபத்தில் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' அரங்கேறியது. நடன மண்டபத்தின் 'வா வா' அன்று இசையரங்கின் மேடையில் ஏறியது. அதன்பின் இசையாசிரியர்கள் வெறும் அடைப்பு என்று எழுதுவதோடு நிற்காமல், கிண்ணம் என்றும் ஹார்மன் என்றும் தொப்பி என்றும் பெயர் குறிப்பிட்டு எழுதலாயினர். இதில் தொப்பி என்பது உண்மையான தொப்பியேதான். கருவியின் வாயின் முன் பிடிப்பது. பெயர் குறிப்பிடாது விட்ட இடத்தில் பழைய வழக்கமே செல்லும் என்பது பல்லியங்களின் பொது மரபாயிற்று. அதாவது நேர் மியூட்.

இப்பொழுது இயக்குநர் கூறியதன் பொருள் உங்களுக்கு விளங்கியிருக்கும். டெபுஸி தம் தாளில் அச்சொல்லை எழுதியபோது, பல்லியத்து டிரம்பெட் வாசிப்போரின் பையில் நான் செருகிய கிண்ண மியூட் இருந்ததில்லை. ஒரு சொல்லுக்கு என் காலத்துப் பொருளை ஏற்றி, அவர் காலத்து வாக்கியத்தைப் படித்துவிட்டேன். பௌதிகம் தொலைவின் ஓசையை எனக்குச் சரியாகவே கற்பித்திருந்தது. ஆனால் டெபுஸி தொலைவை அளந்தவர் அல்லர், தீட்டியவர். மலைமேல் நின்று பள்ளத்தாக்கில் செல்லும் ஊர்வலத்தைப் பாருங்கள். மனிதர்கள் எறும்பளவாய்த் தெரிவர்; ஆயினும் கொடியும் குடையும் தனித்தனியே தெரியும். சிறிதாயும் தெளிவாயும் இருக்கும் அத்தோற்றத்தை நேர் மியூட் தரும். என் கிண்ண மியூட் தந்தது மூடுபனியை.

தேர்வு இதனோடு முடிந்துவிடுவதில்லை. நேர் மியூட்டிலும் அலுமினியத்தில் செய்ததன் ஓசை பளிச்சென்று இருக்கும். அட்டையில் செய்ததும் மரத்தில் செய்ததும் அடங்கி ஒலிக்கும். பார்டோக் 1943ஆம் ஆண்டில் எழுதிய பல்லியக் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில், மியூட் அணிந்த இரு டிரம்பெட்டுகள் அடுத்தடுத்த சுரங்களை ஒட்டியபடியே இணைந்து செல்லும். ஒருவர் அலுமினியமும் மற்றவர் அட்டையும் செருகினால் அந்த இணை பிரிந்து, இருவர் சண்டையிடுவதுபோல் கேட்கும். ஆகவே ஒரு வரிசையில் அமர்ந்தோர் கூடிப் பேசி ஒரே வகையைத் தேர்வது வழக்கம். நேர் மியூட் சுருதியைச் சற்று உயர்த்தும். கிண்ண மியூட் பலவேளை தாழ்த்தும். வாசிப்பவர் சுருதிக் குழாயை இழுத்தோ தள்ளியோ அதனைச் சரிசெய்ய வேண்டும். தாழ்ந்த சுரங்கள் அடைப்புடன் எளிதில் பேசமாட்டா. அவற்றைத் தனியே பழகவேண்டும். மியூட்டை எடுக்கவும் செருகவும் சில நொடிகள் வேண்டும் என்பதை இசையாசிரியரும் மறத்தலாகாது. டூபா என்னும் பெருங்கருவியின் மியூட் ஒரு சிறு பீப்பாயின் அளவு இருக்கும். அதனை ஓசையின்றி இறக்கி வைப்பதே ஒரு கலை.

அடுத்த ஒத்திகைக்கு நான் முன்னதாகவே சென்றேன். முதல் டிரம்பெட் வாசித்த முதியவர், பல ஆண்டுகள் உழைத்துத் தக்கை தேய்ந்த தம் நேர் மியூட்டைக் காட்டினார். என்னுடையதன் தக்கைப் பட்டைகள் புதியவை, தடித்தவை. அதனால் அது வாயினுள் முழுதும் அமரவில்லை. அவர் தம் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, அப்பட்டைகளைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் என்னை ஊதச் சொல்லிக் கேட்டு, மூன்று கருவிகளின் ஓசையும் ஒன்றாகும் வரையில் விடவில்லை. அன்று மாலை அந்த இடம் வந்தது. நடை தொடங்கியது. நாங்கள் மூவரும் ஊதினோம். என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. தொலைவில் உண்மையாகவே ஓர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. இயக்குநர் கோலைத் தாழ்த்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அதனையே நான் பெரும் பாராட்டாகக் கொண்டேன்.

மாணவ நண்பர்களே, பழைய சுவடியிலோ கல்வெட்டிலோ சட்டத்திலோ ஒரு சொல்லைக் காணும்போது, அதன் பொருள் நமக்குத் தெரியும் என்றே முதலில் தோன்றும். அச்சொல் நம்மோடு வாழும் சொல்லாயின் இத்தவறு இன்னும் எளிதில் நேரும். மான்டெவெர்டி எழுதிய அடைப்பு வேறு. டெபுஸி எழுதியது வேறு. கெர்ஷ்வின் எழுதியது வேறு. மூன்றிற்கும் சொல் ஏறத்தாழ ஒன்றே. எழுதியவன் கையில் அன்று என்ன இருந்தது என்று கேட்டறிந்த பின்னரே நம் கையை நீட்டவேண்டும். ஒரு கூம்புத் துண்டு எனக்குக் கற்பித்த பாடம் இதுதான்.